சரக்கு சொன்ன சொல்

அம்பர்நாத்
8 ஜூலை 2025

வேங்கடசுப்ரமணியனுக்கு,

முழுப் பெயரையும் போட்டு எழுதுகிறேன் என்றால் நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்று உனக்கே விளங்கும். போனில் பேசினால் கத்திவிடுவேன். பார்சல் வண்டிச் சங்கத்து க்ரூப்பில் போட்டால் டெம்போக்காரர்கள் எல்லோரும் படித்துவிட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். இங்கிலீஷில் எழுதினால் நாம் இரண்டு பேருமே வக்கீல் நோட்டீஸ் விடுவது போல எழுதுகிறோம். அதனால்தான் தமிழில் இந்த மெயில்.

நேற்றுக் காலை ஜமால் மாமா கூப்பிட்டார். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கிறாரே, அவர்தான். "எம்மா நிஷா, ஒன் சரக்கு ஊமையாயிட்டும்மா. வண்டி வாசல்ல வந்து நிக்கி, மாடியில ஒருத்தனுக்கும் தெரியல. டிராபிக்காரன் வெரட்டி வுட்டுட்டான்" என்றார். மாமா, நான் சங்க வேலையை விட்டு நாலு மாசமாச்சு, இப்போது பெயிண்ட் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன் என்றேன். "அதுக்கென்னம்மா, நீ பெத்த புள்ளதானே அது?" என்றார். மதியத்துக்குள் இன்னும் நாலைந்து பட்டறைக்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். என் மேலாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சங்கத்திலிருந்து நீ மாற்றிய புதுப் பதிப்பை இறக்கிப் பார்த்தேன். நான் எழுதிய சரக்கு நிரலில், கறுப்புத் திரையில் 'சரக்கு நிலை' என்று அடித்தால் பார்சலுக்கு ஒரு வரி வரும். எண், இடம், கடைசியில் ஒரு சொல். பார்சல் போய்ச் சேர்ந்திருந்தால் அந்தச் சொல் 'வந்துட்டு'. ஜமால் மாமாவின் பட்டறையில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கும். கடைசிச் சொல் 'வந்துட்டு' என்றால் மாடியில் மணி அடிக்கும், ஆட்கள் இறங்கி வந்து தோல் கட்டுகளை இறக்குவார்கள். நான் போட்டுக் கொடுத்ததைப் பார்த்து மற்ற பட்டறைக்காரர்களும் ஆளுக்கொன்று எழுதிக்கொண்டார்கள்.

இப்போது அது "எண்: 312. இடம்: தாராவி. நிலை: நிலுவையில்." என்று பத்திரிகைச் செய்தி வாசிக்கிறது. மணி எப்படி அடிக்கும்?

கமிட்டிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் "இதை எழுதியவரைத் தவிர இது யாருக்கும் புரியாது" என்று சொன்னவன் நீ. நான் வேலையை விட்டதே அதனால்தான். உனக்குப் புரிந்தது இவ்வளவுதானா?

நூர் நிஷா

*

செம்பூர்
9 ஜூலை 2025

மதிப்புக்குரிய நூர் நிஷா அவர்களுக்கு,

தங்கள் மெயில் கிடைத்தது. பட்டறைகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். ஆனால் பொழுது போகாமல் நான் இதில் கை வைத்ததாகத் தாங்கள் நினைத்தால் அது சரியல்ல.

தங்கள் சரக்கு ஒரே விஷயத்தை இடத்துக்கு ஒரு விதமாகச் சொல்கிறது. 'நிலை' கட்டளையில் எண் முதலில் வருகிறது. 'தேடு' கட்டளையில் இடம் முதலில் வருகிறது. 'பட்டியல்' கட்டளையில் சொல்லே கிடையாது, ஒரு டிக் குறி மட்டும். தாமதமான பார்சலுக்குச் சிவப்பு நிறம், அதைத் தவிர வேறு அடையாளம் இல்லை. நம்பர் தப்பாக அடித்தால் "எந்த நம்பர்னு தெரியல" என்று பட்டியலின் நடுவிலேயே ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இத்தனையும் எனக்குக் கேலிப் பொருளாகத்தான் இருந்தன, மே மாதம் வரை.

மே மாதம் டிஸ்பாட்ச் மேசைக்குக் காலித் என்பவர் வந்தார். ஆண்டாப் ஹில்லில் இருந்து பஸ்ஸில் தனியாக வருகிறார். அவருக்குக் கண் பார்வை கிடையாது. திரையில் வரும் எழுத்தைக் கணினியின் குரல் வாசிக்கும், அதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே வேலை செய்வார். தங்கள் சிவப்பு நிறம் அவருக்கு இல்லை. தாங்கள் அழகுக்குப் போட்ட கோடுகளை எல்லாம் அந்தக் குரல் "டேஷ் டேஷ் டேஷ்" என்று விடாமல் வாசிக்கிறது. முதல் வாரமே என்னிடம் வந்து, "சார், இது நல்லா பேசுது. ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்றார்.

அவரை மூன்று மாத ட்ரையலில் எடுத்திருக்கிறார்கள். இந்த மாதத்தோடு முடிகிறது. செயலாளர் வானமாமலை அண்ணாச்சி, "மத்தவங்க வேகத்துக்கு வந்தா வேல. இல்லன்னா நாம என்ன தர்ம சத்திரமா நடத்துதோம்?" என்று சொல்லிவிட்டார். எல்லாக் கட்டளைகளும் ஒரே வரிசையில், ஒரே சொற்களில் பேசினால் காலித் யாருக்கும் சளைத்தவர் அல்ல. அதற்காகத்தான் மாற்றினேன்.

நிலைச் சொற்களையும் அப்போதே ஒழுங்குபடுத்தினேன். 'வந்துட்டு' என்பது முடியாத சொல். வந்துட்டு, பிறகு? வந்துட்டுத் திரும்பிப் போய்விட்டதா, வந்துட்டு வாசலில் நிற்கிறதா? காரியம் முடியவில்லை என்று பொருள் கொண்டு 'நிலுவையில்' என்று போட்டேன். இதில் என் தவறு என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
வேங்கடசுப்ரமணியன்

*

அம்பர்நாத்
10 ஜூலை

வேங்கட்,

பாலிடெக்னிக்கில் என் வடா பாவில் பாதியைப் பிடுங்கித் தின்னும்போது 'தாங்கள்' என்று கேட்டுவிட்டா தின்றாய்? இதோடு நிறுத்து, படிக்கவே கூசுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

எங்கள் பக்கத்தில் 'வந்துட்டு' என்றால் வந்துட்டு. அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. பஸ் வந்துட்டு. மழை வந்துட்டு. உன் அம்மா மாட்டுங்கா வீட்டில் 'வந்துடுத்து' என்று சொல்வார்களே, அதேதான். திருநெல்வேலிக்காரர்கள் நடத்தும் பட்டறைகளுக்காக, திருநெல்வேலிக்காரி எழுதிய சரக்கில் வேறு எப்படி இருக்கும்? இத்தனை வருஷமாகத் தாராவிக்கு வந்து போகிறாய். யார் வாயிலும் ஒரு தடவைகூட நீ கேட்டதில்லையா? கேட்டிருக்க மாட்டாய். டெம்போக்காரர்களோடு நீ ஹிந்தியில்தானே பேசுவாய்.

முடிந்துபோன காரியத்துக்கு முடியாத காரியம் என்று பெயர் வைத்திருக்கிறாய். சிரிப்பாகத்தான் வந்தது. பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டேன்.

அப்படியானால் திங்கட்கிழமை முதல் காலித் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்? கடைக்காரர்கள் போன் செய்து என் பார்சல் எங்கே என்று கேட்டால், குரல் அவர் காதில் 'நிலுவையில்' என்று சொல்லும். வந்து இறங்கின பார்சலை எல்லாம் இன்னும் வரவில்லை என்றுதானே அவர் சொல்லியிருப்பார்? யாருக்காக நீ மாற்றினாயோ அவரையே பொய்யராக்கிவிட்டாயே.

அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் மெயிலை இவ்வளவு காரமாக எழுதியிருக்க மாட்டேன். அந்தக் கோடுகளை நான் அழகுக்குப் போடவில்லை. கடைசி வரி எது என்று ஜமால் மாமா கண்டுபிடிக்கத்தான் போட்டேன். ஆனால் காதால் கேட்பவருக்கு அது என்னவாக இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இன்றே பழைய பதிப்பைப் போடு. சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நிஷா

*

செம்பூர்
14 ஜூலை

நிஷா,

உன் மெயில் வந்த அன்றைக்கே பழையதைப் போட்டுவிட்டேன். ஜமால் பாயின் மணி அடிக்கிறது. கீழே நின்று நானே காதால் கேட்டேன்.

நீ பயந்தது சரிதான். காலித் மூன்று நாளாக வந்ததை வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர்கள் அண்ணாச்சியிடம் புகார் செய்துவிட்டார்கள். காலித்திடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கே டவுட்டு இருந்திச்சு சார். டிரைவர் எறக்கிட்டேங்கிறான், கம்ப்யூட்டர் இல்லங்குது. சரி, கம்ப்யூட்டருக்கு என்ன பொய் சொல்லணும்னு வேண்டுதலான்னு விட்டுட்டேன்" என்றார். பொய் சொன்னது கம்ப்யூட்டர் அல்ல, நான் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஒம்ம தப்பாவே இருக்கட்டும் வே. அவரு ஒரு வார்த்த விசாரிச்சிருக்கணும்லா?" என்றார். இருபத்தாறாம் தேதி, சனிக்கிழமை, கமிட்டி மொத்தமும் காலித்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேலையைப் பார்க்கப் போகிறது. வேலையா வீடா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

பழையது திரும்பி வந்ததால் காலித்துக்கு மறுபடியும் டேஷ் டேஷ். ஆகவே புதியது வேண்டும், பழையதும் உடையக் கூடாது. பட்டறைகளில் என்னென்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்று விசாரிக்கப் போனேன். தலை சுற்றிவிட்டது.

தேவ்நாரில் கனகவள்ளி அக்கா ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறார்களே, அங்கே ஓடும் ஸ்கிரிப்ட் சொல்லைப் பார்ப்பதே இல்லை. வரியில் எத்தனையாவது எழுத்து என்று எண்ணி வெட்டுகிறது. நடுவில் நான் ஒரு இடைவெளியைக் கூட்டினால் அவர்களுக்கு எல்லாமே இடம் மாறிவிடும். இன்னொரு பட்டறையில் 'ஆண்டாப்கில்' என்ற சொல்லைத் தேடுகிறார்கள். ஆண்டாப் ஹில்லை நீ அப்படித் தப்பாக அடித்திருக்கிறாய், அவர்களும் அதையே நம்பியிருக்கிறார்கள். வேறொருவர், இல்லாத ஒரு நம்பரை வேண்டுமென்றே கொடுத்து, "எந்த நம்பர்னு தெரியல" என்று பதில் வந்தால் சரக்கு உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார். உன் பிழையை எல்லாம் தூண் என்று நினைத்து வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்.

எல்லோருக்கும் புது ஸ்கிரிப்ட் நானே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். என்ன சொல்கிறாய்?

கூட்டத்தில் நான் சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீ ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் சரக்கும் படுத்துவிடும், துணைக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்கத்தான் எழுந்தேன். வாயில் வந்தது வேறு. அன்றைக்கு நீ பேக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனதை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்திருக்க வேண்டும்.

வேங்கட்

*

அம்பர்நாத்
16 ஜூலை

வேங்கட்,

நேற்று மழையில் லோக்கல் ஓடவில்லை, லீவு. உன் மெயிலை இரண்டு தடவை படித்தேன். கோபம் போயிட்டு. (உன் தமிழில், போயிடுத்து.)

புது ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்கும் யோசனையை விட்டுவிடு. உனக்குத் தெரிந்த பட்டறைகளுக்குத்தான் நீ எழுதுவாய். தெரியாதவை எத்தனை இருக்கின்றன என்று எனக்கே தெரியாது. நான் ஜமால் மாமாவுக்குக் கொடுத்தேன், அவரிடமிருந்து பக்கத்துப் பட்டறைக்குப் போனது, அங்கிருந்து பெண் கொடுத்த இடத்துக்கும் போயிருக்கும். கனகவள்ளி அக்காவின் ஸ்கிரிப்டை எழுதியது அவர் தம்பி. தம்பி மஸ்கட் போய்விட்டார், பாஸ்வேர்டும் கூடவே போய்விட்டது. உடைந்தால்தான் அதெல்லாம் வெளியே தெரியும். சனிக்கிழமை கமிட்டி உட்கார்ந்திருக்கும்போது உடைந்தால் காலித்தைத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு ஒரு யோசனை. ஒரு கட்டளை, தன் பேச்சை யார் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள முடியும் அல்லவா? ஆள் உட்கார்ந்து திரையில் பார்த்தால் ஒரு விதம். பைப் போட்டு இன்னொரு நிரலின் காதில் ஊற்றினால் வேறு விதம். நிரலுக்குப் போகிறது என்றால் பழையதை அப்படியே கொடு. கோடு, இடைவெளி, என் 'ஆண்டாப்கில்' எல்லாவற்றோடும் கொடு. அதில் ஒரு புள்ளியைக்கூட யாரும் தொடக் கூடாது. ஆள் பார்க்கிறார் என்றால் உன் புதிய வரிசையைக் கொடு. ஸ்கிரிப்டுகள் பிழைக்கும், காலித்தும் பிழைப்பார். ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சமையலுக்கு நடுவில் யோசித்தேன். ரசம் பொங்கி அடுப்பெல்லாம் போனது. ஆனாலும் எனக்கு என்மேல் ரொம்பப் பெருமையாக இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஃபேக்டரி ஆட்களிடம் இதன் பெயரைச் சொன்னேன். "காலையிலேயே சரக்கு அடிப்பியா?" என்று நம் டெம்போக்காரர்கள் செய்த அதே கிண்டலை இங்கேயும் செய்கிறார்கள். பெயர் வைக்கும்போது நீ ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம்.

நிஷா

*

செம்பூர்
18 ஜூலை

நிஷா,

நீ சொன்னபடியே எழுதினேன். என் திரையில் அழகாக வந்தது. எழுதி முடித்த கையோடு காலித்தின் மேசைக்குப் போனேன். அவர் கட்டளை கொடுத்தார். டேஷ் டேஷ் டேஷ்.

எங்கே தப்பு என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகுதான் அவர் கை என்ன அடிக்கிறது என்று கவனித்தேன். அந்தக் கறுப்புத் திரையை நேரடியாக வாசிக்கும்போது குரல் பாதி வரிகளை முழுங்கிவிடுகிறதாம். அதனால் சரக்கு சொல்வதைப் பைப் போட்டுக் குரல் நிரலுக்குள் விடுகிறார். முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான் செய்கிறார், நான்தான் கவனிக்கவில்லை.

ஆக, உன் விதிப்படி காலித் ஆள் இல்லை. ஸ்கிரிப்ட்.

அவரிடமே சொல்லிவிட்டேன், மறைத்து என்ன ஆகப் போகிறது? மேசையில் தட்டிச் சிரித்தார். "சரி சார், மிஷின்னே வெச்சுக்கங்க. அப்ப லஞ்ச் டைம்ல என்னைய ஆஃப் பண்ணிருவீங்களா?" என்றார். சனிக்கிழமை வர ஒரு வாரம்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டறையில் யாராவது புதிதாக ஸ்கிரிப்ட் எழுத நினைத்தால் முதலில் கையால் அடித்துத் திரையில் பார்ப்பார். பார்த்ததை நம்பி எழுதுவார். ஓடும்போது அதற்கு வேறு எழுத்து வரும். நாம் இரண்டு நாக்கால் பேசுகிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நானாக இருந்தால் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைப்பேன்.

வேறு வழி சொல். உன் ரசத்துக்கு நான் பொறுப்பல்ல.

வேங்கட்

*

அம்பர்நாத்
20 ஜூலை

வேங்கட்,

உன் மெயிலைப் படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. 'வந்துட்டு' என்றால் என்ன என்று யாரையும் கேட்காமல் நீயாகவே ஒரு பொருளை ஊகித்தாய் என்று உன்மேல் பாய்ந்தேன். எதிரே இருப்பது ஆளா இல்லையா என்று நானும் ஊகித்துத்தானே சொன்னேன்? காலித்திடம் சொல். வேண்டாம், நானே அவரிடம் பேசிக்கொள்கிறேன், நம்பர் அனுப்பு.

இனி ஊகமே வேண்டாம். யாருக்கு எது வேண்டுமோ அவர்களே வாய் திறந்து கேட்கட்டும். 'சரக்கு நிலை' என்று மட்டும் அடித்தால் ஆளோ நிரலோ, எல்லோருக்கும் பழையது. நேற்று வந்த மாதிரியேதான் நாளைக்கும் வரும். 'சரக்கு நிலை --தெளிவு' என்று கேட்டால் புதியது. அதையும் யார் கேட்டாலும், எந்த வழியாகக் கேட்டாலும் ஒரே மாதிரி கொடு. காலித் ஒவ்வொரு தடவையும் அதை அடிக்கத் தேவையில்லை. அவர் கணினியில் ஒரு குறுக்குப் பெயர் வைத்துக் கொடுத்துவிடு.

புதியதில் எல்லாக் கட்டளைகளும் எண், இடம், நிலை என்ற வரிசையில்தான் பேச வேண்டும். நிறம் எதையாவது சொன்னால் அதைச் சொல்லாகவும் சொல்ல வேண்டும். தப்பு நேர்ந்தால் அந்தப் புலம்பல் பட்டியலுக்கு நடுவில் வரக் கூடாது, அதற்கென்று இருக்கும் தனி வழியில் வெளியே போகட்டும். 'வந்துட்டு' வேண்டாம், உன் வீட்டு 'வந்துடுத்து'வும் வேண்டாம். எல்லா ஊர்க்காரருக்கும் முடிந்ததாகத் தெரிகிற ஒரு சொல்லைப் போடு. எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது, போகட்டும்.

உதவிப் பக்கத்தில் ஒரு வாக்குறுதியும் எழுது. '--தெளிவு' என்று கேட்டால் வருவதில் இனி எதையும் மாற்ற மாட்டோம், தேவைப்பட்டால் கடைசியில் சேர்ப்போம், அவ்வளவுதான் என்று. நான் அன்றைக்கு இப்படி ஒன்றை எழுதி வைத்திருந்தால் நீயும் தொட்டிருக்க மாட்டாய்.

நிஷா

*

செம்பூர்
26 ஜூலை, சனி மாலை

நிஷா,

காலித்துக்கு வேலை நிரந்தரம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ கீழே ஓடித் தேட வேண்டாம்.

கமிட்டி காலையில் வந்து அவரைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தது. காதில் மாட்டுவதைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்கள். குரல் ஓட ஆரம்பித்ததும் அண்ணாச்சி, "என்ன வே இது, எலி கத்துத மாதிரி இருக்கு" என்றார். காலித் அதை அத்தனை வேகத்தில் வைத்துத்தான் கேட்பாராம், நமக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. "அண்ணாச்சிக்காக ஸ்லோ பண்றேன்" என்று குறைத்தார். பிறகு அவர்கள் கேட்க இவர் சொல்ல, போனை வைப்பதற்குள் பதில். தாமதமானது எது என்று யாரும் கேட்காமலேயே இரண்டு கடைக்குத் தானாகக் கூப்பிட்டுச் சொன்னார். நடுவில் ஜமால் பாயிடமிருந்து போன். வண்டி வந்தது, மணியும் அடித்தது, கட்டு ஒன்று குறைகிறதே என்று திட்டினார். எனக்கு அந்தத் திட்டு தேனாக இனித்தது.

கமிட்டி எழுந்து போனதும் அண்ணாச்சி மட்டும் நின்று திரையை உற்றுப் பார்த்தார். "இது என்ன வே, சேர்ந்த்து?"

நிஷா, நான் எழுதியது. 'சேர்ந்தது' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'சேர்ந்த்து' என்று அடித்திருக்கிறேன். நானேதான். அலுவலக போர்டில் ஒற்று மிகுந்திருந்தால் பெயிண்டரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்ன நான். உன் ஆண்டாப்கில்லைக் கேலி செய்த அதே மாதத்தில். எல்லாப் பார்சலுக்கும் வரிக்கு வரி அதுதான் நிற்கிறது. அண்ணாச்சி, "வெளியாளு பாத்தா சங்கத்துக்குல்லா அசிங்கம்? திங்கட்கெழம காலையில மாத்திப்போடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரித்து முடித்தாயா? திங்கள் முதல் வேலையாகத் திருத்திவிடுகிறேன். ஒரு புள்ளிதானே.

வேங்கட்

*

அம்பர்நாத்
27 ஜூலை

வேங்கட்,

காலித்தை நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுகையும் வந்தது. பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெண் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அதைத் தொடாதே. உதவிப் பக்கத்தில் வாக்குறுதி எழுதி ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் காலித்திடம் போய்க் கேள். அவர் சரி என்றால் திருத்து.

நிஷா

*

செம்பூர்
28 ஜூலை

நிஷா,

கேட்டேன். நல்ல வேளை கேட்டேன்.

காலித் போன வாரமே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. புதிய வரியில் 'சேர்ந்த்து' வந்ததும் அந்தக் கடைக்கு மெசேஜ் தானாகப் போகிறது. சனிக்கிழமை அவர் அத்தனை வேகமாக இருந்ததில் பாதி அதனால்தான். இன்று காலை நான் அந்தப் புள்ளியை எடுத்திருந்தால் ஒரு கடைக்கும் மெசேஜ் போயிருக்காது. நிரந்தர வேலையில் அவருக்கு அதுதான் முதல் நாள்.

அது தப்பான எழுத்து என்று தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் சார். வேற எல்லா வார்த்தையும் வழுக்கிட்டுப் போகும். இது ஒண்ணுலதான் குரல் தடுக்கும். நான் போன்ல வேற ஆளோட பேசிட்டிருந்தாலும் அந்தத் தடுக்கல் காதுல விழுந்திரும். பார்சல் சேந்திருச்சுன்னு அதவெச்சுத்தான் புடிப்பேன். நீங்க எனக்காகவே அப்படி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

இல்லை, என் கை தவறியது என்று உண்மையைச் சொன்னேன். "பரவால்ல சார், கை நல்ல எடத்துலதான் தவறியிருக்கு" என்றார்.

அதற்குள் அண்ணாச்சி வந்து, மாத்தியாச்சா என்று கேட்டார். மாற்ற முடியாது என்றேன். அவரிடம் இதுவரை ஒன்றுக்கும் முடியாது என்று நான் சொன்னதில்லை. அவர் திரும்பிக் காலித்தைப் பார்த்தார். காலித் காதில் இருந்ததைக் கழற்றாமலேயே, "மாத்துங்க அண்ணாச்சி. மாத்திட்டு எனக்கு இன்னொரு மூணு மாசம் ட்ரையல் குடுங்க" என்றார். அண்ணாச்சி, "படிச்சவன் எவனாவது கேட்டா இவரு பேரச் சொல்லும்" என்று என்னைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆக, அந்தப் பிழை இனி என் பெயரில்தான். நான் ரிடையர் ஆன பிறகும் இருக்கும். பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கிறது. முதல் மெயிலில் நீ ஏன் அப்படிக் கொதித்தாய் என்று இன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. மன்னித்துவிடு, நிஷா.

உதவிப் பக்கத்தில் ஒரு குறிப்பு போடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வருபவர் யாராவது திருத்திவிடுவார். 'இது எழுத்துப் பிழை, ஆனாலும் மாற்ற வேண்டாம்' என்று எழுதலாமா?

வேங்கட்

*

அம்பர்நாத்
29 ஜூலை

வேங்கட்,

மன்னித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்கு வருகிறேன். காலித்தையும் கூப்பிட்டு வை, போனில் அவர் என்னை அக்கா முறை வைத்து லாத்தா என்று கூப்பிட்டுவிட்டார், இனி வெறுங்கையோடு வர முடியாது. மூன்று பேருக்கும் பிரியாணிக்கு நான் பொறுப்பு. உனக்குக் காய்கறிதான், பயப்படாதே.

உதவிப் பக்கத்தில் பிழை என்று எழுதாதே. காலித் காதால் கேட்டு வைத்துக்கொண்ட சொல் என்று எழுது.

நிஷா